தண்ணீரும் தாசில்தாரும்: செங்கல்பட்டுச் சேரிகளில் ஞானஸ்நானம்



கிறிஸ்தவராக வாழத் தண்ணீரில் ஞானஸ்நானம் பெறுவது இன்றும் கட்டாயமா? இந்தக் கேள்விக்குச் சபைகளிடம் ஒரே பதில் கிடையாது. கத்தோலிக்கர் கைக்குழந்தைக்கே திருமுழுக்குக் கொடுக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள், விவரம் தெரிந்து விசுவாசத்தை அறிக்கையிட்டவரைத்தான் தண்ணீரில் முழுக்குகின்றன. இரட்சணிய சேனையோ ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. ஆனாலும் அவர்களைக் கிறிஸ்தவர்கள் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. கட்டாயம் என்பவர் யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தைத் திறப்பார். தேவையில்லை என்பவர், சொட்டுத் தண்ணீர் படாமல் பரதீசுக்குப் போன சிலுவைக் கள்ளனைக் காட்டுவார். இந்த வழக்கு இருபது நூற்றாண்டாக நடக்கிறது. இன்று நாம் தீர்க்கப்போவதில்லை.

நான் பேச வந்தது, இதே கேள்வி சேரிக்குள் நுழையும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முன் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாமே செங்கல்பட்டு மாவட்டம்தான். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு இந்த மாவட்டத்தின் பறையர் சேரிகள் மிஷனரிகளைத் தேடிப் போகத் தொடங்கின. திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கவுடி பணியாற்றினார். அவரைப் போன்றவர்களிடம் போனவர்கள் தனி ஆட்களாகப் போகவில்லை. குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் சேரியாகவே போனார்கள்.

போனவுடன் ஞானஸ்நானம் கிடைத்துவிடவில்லை. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஜெபமும் கற்பனைகளும் மனப்பாடம் செய்ய வேண்டும். இவர்கள் ஆத்துமாவுக்காக வருகிறார்களா, அரிசிக்காக வருகிறார்களா என்ற சந்தேகம் மிஷனரிகளுக்கே இருந்தது. பசித்தவன் அரிசியைப் பற்றி நினைத்தால் அவன் நினைப்பில் கடவுள் இருக்க முடியாது என்பது வயிறு நிறைந்தவர்களின் இறையியல். அதை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

மிராசுதார்களின் கவலை வேறு. சேரி மக்கள் குடியிருந்த மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம் என்று உரிமை கொண்டாடப்பட்ட காலம் அது. படியாள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்பதில் ஆண்டைக்குப் பெரிய அக்கறை இல்லை. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற படியாளுக்குப் பின்னால் மனு எழுதத் தெரிந்த, கலெக்டரை நேரில் பார்க்க முடிந்த ஒரு ஆள் வந்து நிற்கிறார். வேலை நிறுத்தம், மனையைவிட்டு வெளியேற்றுவோம் என்ற மிரட்டல், பொய்வழக்கு எல்லாம் அதற்காகத்தான் வந்தன. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட 'தி பறையா பிராப்ளம்' என்ற ஆய்வு நூல் இந்த உறவை விரிவாகத் தோண்டியிருக்கிறது. மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை குறித்து 1891இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் இந்தப் பின்னணியில் பிறந்தவை. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. இரண்டு பெயர்களையும் சேர்த்து ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அதே சென்னையில் இன்னொரு பக்கம், ஞானஸ்நானம் வேண்டாம் என்ற குரலும் எழுந்தது. ஓ. கந்தசாமி செட்டி கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். ஆனால் திருச்சபையில் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று 1915இல் மிஷனரிகள் முன்னிலையிலேயே விளக்கினார். 1938 தாம்பரம் உலக மிஷனரி மாநாட்டை ஒட்டி பி. செஞ்சய்யா, வி. சக்கரை முதலியோர் இந்தியக் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்யக் கோரி ஒரு நூல் கொண்டுவந்தார்கள். சடங்கும் நிறுவனமும் கிறிஸ்துவை மறைக்கின்றன என்பது செஞ்சய்யாவின் வாதம். கூர்மையான சிந்தனை, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிந்தனைக்கு ஒரு சமூக முகவரி உண்டு. ஞானஸ்நானம் பெற்றால் வீடு, உறவு, சொத்து, சாதி மரியாதை எல்லாம் போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் ஒரு இழப்பு. குளத்தில் தண்ணீர் மொள்ளவே உரிமை இல்லாதவர்களுக்கு அது வேறு பொருள் தந்தது. தலையில் தண்ணீர் ஊற்றியவர் அதற்காக நம்மைத் தொட்டார். பெயரை மரியாதையாக எழுதினார்.

இந்த வேறுபாட்டை நம் இறையியலாளர்கள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் குறை. ஹெர்பர்ட் ஹோஃபர் எழுதி, கீழ்ப்பாக்கம் குருகுல் கல்லூரி 1991இல் வெளியிட்ட நூல், ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவை வழிபடும் தமிழர்களைப் பற்றிப் பேசியது. 'திருச்சபை இல்லாத கிறிஸ்தவம்' என்று அதை உலகம் வியந்து படித்தது. சேரியில் ஒருவர் ஞானஸ்நானம் பெறாமல் இருப்பதற்கு வியக்க எதுவும் இல்லை. காரணம் அரசாணையில் இருக்கிறது.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை, மூன்றாவது பத்தியில், இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். 1956இல் நாக்பூரில் அம்பேத்கரோடு தீட்சை பெற்றவர்களே 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார். தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதியைச் சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தராது. அடிப்பவர் மட்டும் மதத்தைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை.

சூசை வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். மற்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்பதை நிரூபிக்கவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அதே செருப்பு, அதே தெரு. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் வந்த தீர்ப்பு இன்னும் நேராக நம் தலைப்புக்கு வருகிறது. மேல்நிலை எழுத்தர் பணிக்காக அவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். பிறந்து மூன்று மாதம் நிறையும் முன்பே அவருக்குக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம், அவர் கிறிஸ்தவர் என்பதற்கான சான்றுகளில் ஒன்றானது. கைக்குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று வாதாடும் சபைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. நம் நீதிமன்றத்தில் அது செல்லுபடியாகிறது. ஆனால் எதிர்த்திசையில் சட்டம் சடங்கு கேட்பதில்லை. இந்து ஆவதற்குச் சுத்திச் சடங்கு தேவையில்லை, உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் போதும் என்று பெருமாள் நாடார் வழக்கில் 1970இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாருங்கள். கம்பெனி ஷிப்டு முடிந்து ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கூடத்தில் ஜெபத்துக்கு உட்காரும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்'. மகளுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும். பாஸ்டர் முழுக்குக்கு அழைக்கும் ஒவ்வொரு முறையும் அவர் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்யா' என்கிறார். அவரை மேடையில் நின்று விசுவாசமில்லாதவர் என்கிறது சபை. மோசடிக்காரர் என்கிறது அரசியல். இரண்டு பேரும் அவருடைய மகளின் கட்டணத்தைக் கட்டப்போவதில்லை. கந்தசாமி செட்டிக்குத் தண்ணீரை மறுக்க ஒரு கொள்கை இருந்தது, அதற்காக அவர் மதிக்கப்பட்டார். இவருக்கு ஒரு அரசாணை இருக்கிறது, அதற்காக இவர் சந்தேகிக்கப்படுகிறார்.

ஞானஸ்நானம் கட்டாயமா என்று இவரிடம் கேட்கச் சபைக்கு உரிமை வர வேண்டுமானால், அந்த மூன்றாவது பத்தியை எதிர்த்து அது தெருவுக்கு வந்திருக்க வேண்டும். சில ஆயர்கள் வந்தார்கள். பெரும்பாலான சபைகள், தமக்குள் தனிக் கல்லறையும் தனி வரிசையும் வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு ஞாயிறு தலித் விடுதலைக்கு ஒதுக்கியதோடு சரி. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொல்லிவிட்டது. 2004இல் தொடங்கிய வழக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டி இழுத்தது. இடையில், 2022இல், கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையமும் அமைக்கப்பட்டது.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இந்த மாவட்டத்தின் பழைய ஆலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடுகள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர், தொழில், தேதி என்று கட்டம் போட்ட ஏடுகள். நிலப்பத்திரத்திலும் கோயில் கல்வெட்டிலும் இடம் கிடைக்காத பல குடும்பங்களின் பெயர் முதன்முதலாக எழுத்தில் ஏறியது அங்கேதான். ஆயரிடம் அனுமதி வாங்கி, 1900க்கு முந்தைய பக்கங்களை முதலில் படியெடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பக்கங்களைத் தொடாதீர்கள், யார் கேட்டாலும் காட்டாதீர்கள்; அவை எந்த அலுவலகத்து மேசைக்குப் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியும்.