பிரசவ வார்டுக்கு வந்த போலீஸ்

1989ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் ஓர் அரசு மருத்துவமனை புதிய நடைமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. பிரசவத்துக்கு வரும் பெண்களில் சந்தேகத்துக்கு உள்ளானவர்களின் சிறுநீரில் கொக்கெயின் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இருந்தால் தகவல் போலீசுக்குப் போகும். பெற்ற உடம்பு ஆறுவதற்குள் கையில் விலங்கோடு அழைத்துப்போகப்பட்ட தாய்மார்கள் உண்டு. மொத்தம் 30 பெண்கள் கைதானார்கள். அவர்களில் 29 பேர் கறுப்பினத்தவர். இதைச் செய்தவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்றே அவர்கள் மனதார நம்பினார்கள். தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு ஆபத்து, ஆகவே தாயைத் தண்டித்தால் பிள்ளை பிழைக்கும் என்ற அந்தக் கணக்குதான் அடிப்படையிலேயே தவறு.

கொக்கெயினைச் சிறு கட்டிகளாக்கிப் புகைக்கும் 'கிராக்' 1980களில் அமெரிக்க நகரங்களின் ஏழைத் தெருக்களுக்கு மலிவு விலையில் வந்து சேர்ந்தது. 1985இல் மருத்துவர் ஐரா சாஸ்னாஃப், கருவுற்ற காலத்தில் கொக்கெயின் எடுத்த 23 பெண்களைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். முதற்கட்ட முடிவுகள்தான், மேலும் ஆய்வு தேவை என்றே அவர் எழுதியிருந்தார். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதுவரை பொறுக்கவில்லை. 'கிராக் குழந்தை' என்ற பெயர் பிறந்தது. மூளை சிதைந்த ஒரு தலைமுறையே வளர்ந்து வரப்போகிறது என்று நாடு நடுங்கியது. 1980களின் நடுவில் மூன்று லட்சத்துக்கும் குறைவாக இருந்த, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசுப் பொறுப்பில் வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கை, சில ஆண்டுகளிலேயே நான்கு லட்சத்தைத் தாண்டியது.

அச்சம் உச்சத்தில் இருந்த அதே 1989இல், பிலடெல்பியாவில் மருத்துவர் ஹாலம் ஹர்ட் 224 பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார். ஏறத்தாழ பாதிப் பேர் கொக்கெயின் எடுத்த தாய்மாருக்குப் பிறந்தவர்கள். மற்றவர்கள் எடுக்காத தாய்மாருக்குப் பிறந்தவர்கள். இரு சாராரும் வறுமையில் பிறந்தவர்கள்தான். நான்கு வயதில் நடந்த அறிவுத்திறன் சோதனையில் முதல் பிரிவின் சராசரி 79, இரண்டாம் பிரிவின் சராசரி 81.9. இரண்டுக்கும் இடையே பெரிய தூரமில்லை; ஆனால் பொதுச் சராசரியான 100க்கு இரண்டுமே வெகு கீழே. காரணத்தைப் பிள்ளைகளிடமே தேடினார்கள். ஏழு வயதுக்குள் 81 சதவீதம் பேர் யாரோ ஒருவர் கைதாவதைப் பார்த்திருந்தார்கள். 74 சதவீதம் பேர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். 19 சதவீதம் பேர் தெருவில் பிணத்தைப் பார்த்திருந்தார்கள். அன்பும் அக்கறையும் கிடைத்த வீட்டுப் பிள்ளைகள், தாய் கொக்கெயின் எடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மேலாகவே தேறினார்கள். கொக்கெயினால் தீங்கில்லை என்று இதற்குப் பொருளல்ல; குறைப்பிரசவமும் எடைக்குறைவும் உண்மை. ஆனால் வறுமை செய்த கேடு அதைவிடப் பெரிது. 2001 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சார்ல்ஸ்டனில் சம்மதமில்லாமல் போலீசுக்காக நடத்திய அந்தச் சிறுநீர்ச் சோதனை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. போலீசுக்குப் பயந்து கர்ப்பிணிகள் மருத்துவமனைப் பக்கமே வராமல் போவார்கள், நட்டம் குழந்தைக்குத்தான் என்று மருத்துவ அமைப்புகள் அந்த வழக்கில் எடுத்துச் சொல்லியிருந்தன.

தாயைத் தண்டிப்பது தவறு என்ற இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 1995இல் நியூயார்க்கில், கிராக்குக்கு அடிமையான தாயின் கையால் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அடிபட்டுச் செத்தாள். அந்தப் பிள்ளையை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்பவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பிரிக்க வேண்டிய இடத்தில் பிரித்தே தீரவேண்டும். ஆனால் அவளுக்கு ஆபத்து என்று காட்டியது தாயின் சிறுநீர் அல்ல. பிள்ளையைக் கண்ணால் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கொடுத்த புகார்கள். அவற்றை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குத் தொடர்ந்து போய்ப் பார்க்க ஆளில்லை.

1997இல் வந்த மத்தியச் சட்டம், 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்புக் குடும்பத்தில் இருந்த பிள்ளையின் பெற்றோர் உரிமையை ரத்துசெய்ய, சில விதிவிலக்குகள் நீங்கலாக, மாநிலங்கள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்றது. பிள்ளை ஆண்டுக்கணக்கில் வீடு வீடாக அலையக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் விழுந்தும் எழுந்தும்தான் போதையிலிருந்து மீள முடியும். சிகிச்சையில் இடத்துக்குக் காத்திருப்பதிலேயே அந்த மாதங்கள் கரைந்துவிடும். இதற்கு மாற்றாக, பெற்றோர் மீள்வதை நீதிபதியே நேரில் தொடர்ந்து கவனிக்கும் வழியும் அந்தப் பத்தாண்டிலேயே நெவாடாவின் ரீனோ நகரில் தோன்றியது. 2008இல் லண்டனில் நீதிபதி நிக்கலஸ் கிரைட்டன் அதைத் தம் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வக்கீல் இல்லாமல், தாயோ தகப்பனோ அதே நீதிபதியின் முன் உட்கார்ந்து பேசவேண்டும். போதையை விட்டவர்களும், பிள்ளையோடு மறுபடி சேர்ந்தவர்களும் வழக்கமான நீதிமன்றங்களைவிட அங்கே அதிகம் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. 2018இல் அமெரிக்கச் சட்டமும் இந்தப் பக்கம் திரும்பியது. பிரித்த பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய மத்திய அரசுப் பணத்தில், சிகிச்சை இல்லத்தில் தங்கும் தாயோடு பிள்ளையும் தங்குவதற்கான செலவை, 12 மாதம் வரை, இப்போது கொடுக்கலாம்.