காசு விழுந்தால்தான் கார் ஓடும்

கார் ரேஸ் கேம் எதையாவது கொண்டுவந்து "எப்படிண்ணே இருக்கு?" என்று யாராவது கேட்டால், நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆடுகிறவனை இது எத்தனை நேரம் உட்காரவைக்கப் பார்க்கிறது? கிராபிக்ஸ், சத்தம், கார்களின் எண்ணிக்கை எல்லாம் அப்புறம். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து சில வருடம், மணிக்கு இவ்வளவு என்று பிளேஸ்டேஷன் ஆடவிடும் கடை ஒன்றைத் திருச்சியில் நடத்தினேன். கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு இந்த விளையாட்டின் சரித்திரமே நேரத்துக்கும் காசுக்கும் நடந்த இழுபறியாகத்தான் தெரியும்.

தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். 1974இல் அமெரிக்காவின் அடாரி கம்பெனி 'கிரான் டிராக் 10' என்ற மெஷினை இறக்கியது. ஸ்டியரிங், கியர், ஆக்ஸிலேட்டர், பிரேக் எல்லாம் உண்டு; எதிர்த்து ஓட இன்னொரு கார்தான் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகளால் போட்ட பாதையில் கடிகாரத்தோடுதான் போட்டி. செய்ய 1,095 டாலர் ஆன மெஷினைக் கணக்குக் கோளாறில் 995 டாலருக்கு விற்று அடாரி கையைச் சுட்டுக்கொண்டது என்பது இந்தத் தொழிலில் பிரசித்தமான கதை. கடை வைத்திருந்தவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள். 1982இல் நாம்கோவின் 'போல் பொசிஷன்', ஃபுஜி ஸ்பீட்வே என்ற நிஜ ரேஸ் டிராக்கையே திரைக்குள் கொண்டுவந்தது. முதலில் தகுதிச் சுற்று. அதில் தேறாவிட்டால் ரேஸே இல்லை. 1986இல் செகாவில் யூ சுசுகி செய்த 'அவுட் ரன்' முழுக்க உல்லாசம்: கடலோரச் சாலை, சிவப்புக் கார், பக்கத்து சீட்டில் ஒரு பெண், நாமே தேர்ந்தெடுக்கிற பாட்டு. ஆனால் திரையின் மேலே ஓர் எண் குறைந்துகொண்டே வரும். அடுத்த செக்பாயின்டைத் தொடுவதற்குள் அது தீர்ந்தால் கார் நின்றுவிடும். இன்னொரு காசு போட வேண்டியதுதான்.

இதற்காக அந்த மெஷின்களைக் குறை சொல்ல மாட்டேன். சில நிமிடங்களில் ஒருவனை எழுப்பி அடுத்தவனை உட்காரவைக்காவிட்டால் கடைக்கு வாடகை கட்ட முடியாது. கார் கையாளப்படும் விதம்கூட அந்தக் கணக்கில் பிறந்ததுதான். முதல் காசிலேயே வேகம் கிடைக்க வேண்டும், மோதினால் உடனே மறுபடி ஓட வேண்டும். இதில் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுக்க யாருக்கு நேரம்?

1994 டிசம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. அன்றைக்கே கூட வந்த 'ரிட்ஜ் ரேசர்' இதேபோன்ற ஒரு கடைத்தெரு மெஷினின் வீட்டுப் பதிப்பு. கேம் முழுவதும் கன்சோலின் 2 எம்பி மெமரியில் ஏறிவிடும். அதற்குப் பிறகு சிடியை எடுத்துவிட்டு வேறு பாட்டு சிடியைச் செருகினால் அந்தப் பாட்டோடு ரேஸ் ஓடும். என் கடைப் பையன்கள் ரஹ்மானைப் போட்டுக்கொண்டு மலைச்சாலையில் டிரிஃப்ட் அடிப்பார்கள். அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்தவன் அரை மணியும் சந்தோஷமாக இருப்பான். கடைக்கு ஏற்ற கேம் என்றால் அதுதான்.

கடைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத கேம், 1997 டிசம்பர் 23 அன்று ஜப்பானில் வெளிவந்த 'கிரான் டுரிஸ்மோ'. கசுனோரி யமாவுச்சி என்பவர் சிறு குழு ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் செதுக்கியது. அதற்கு முன் அவர் செய்த 'மோட்டார் டூன் கிராண்ட் பிரி' குழந்தைகளுக்கான கார்ட்டூன் ரேஸ். அதே ஆள்தான் இதையும் செய்தார் என்பதை இன்றுவரை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை.

கேமுக்குள் நுழைந்ததும் கையில் 10,000 கிரெடிட் கொடுப்பார்கள். புதுக் கார் வாங்கினால் சின்னதாக ஏதோ ஒன்றுதான் தேறும். ஓரளவு ஓடுகிற வண்டி வேண்டுமென்றால் பழைய கார் பட்டியலுக்குத்தான் போக வேண்டும். ரேஸில் சேர லைசென்ஸ் வேண்டும். முதலில் பி லைசென்ஸ், அதற்கு எட்டுத் தேர்வு. நேர்ச்சாலையில் முழு வேகத்தில் போய், கோடு போட்ட கட்டத்துக்குள் காரை நிறுத்து என்பதுதான் ஆரம்பம். ஒரு முறை கட்டத்தைத் தாண்டும், அடுத்த முறை எட்டாமலே நின்றுவிடும். சரியாக நிறுத்தினாலும் சில நொடிப் பின்னங்கள் கூடிப்போய் வெண்கலம்தான் வரும். மறுபடி முதலிலிருந்து. காசு கொடுத்து உட்கார்ந்தவன் எதற்கு டிரைவிங் ஸ்கூலுக்குப் போவான்? பையன்கள் நேராக, லைசென்ஸ் கேட்காத ஆர்கேட் மோடுக்குப் போய் ரெண்டு ரேஸ் ஓட்டிவிட்டு, "வேற சிடி போடுங்கண்ணே" என்பார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் விதிவிலக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொந்த மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். மணி ஓடிக்கொண்டிருக்கும், அவர் ரேஸ் ஓட்டாமல் கியர் விகிதங்களை மாற்றிக்கொண்டிருப்பார். மூன்றாம் கியரைக் கொஞ்சம் நீட்டுவது, டெஸ்ட் டிராக்கில் ஒரு சுற்று, திரும்பி வந்து சஸ்பென்ஷனை இறுக்குவது. "சார், ஹவர் முடியப் போவுது" என்றால், "இருக்கட்டும்" என்று கையை மட்டும் அசைப்பார். அவர் சட்டைப்பையில் இருந்த 128 கேபி கார்டுதான் இந்தக் கேமின் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன். இன்று சம்பாதித்தது நாளைக்கும் இருக்கும் என்றால்தான் பழைய கார் வாங்குவதிலும் லைசென்ஸ் எடுப்பதிலும் அர்த்தம் உண்டு. காசு போடும் மெஷினில் அது நடக்காது.

பழைய கார் பட்டியல் யமாவுச்சி சும்மா சேர்த்ததில்லை, அது ஜப்பானின் வாழ்க்கை. அங்கே புதுக் காருக்கு மூன்று வருடத்திலும், அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் 'ஷாகென்' என்ற சோதனை கட்டாயம். செலவும் அதிகம். அதனால் நல்ல கார்கள் சீக்கிரமே பழைய சந்தைக்கு வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. 1989 வாக்கில் தொடங்கி 2004 வரை, 280 குதிரைத்திறனுக்கு மேல் கார் விற்பதில்லை என்று ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்திருந்தன. ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்ற கார்களின் இன்ஜின் அதைவிட எவ்வளவோ தாங்கும் என்பது அங்கே ஊரறிந்த ரகசியம். கேமில் டர்போ வாங்கி மாட்டினால் அதே கார் அந்த எல்லையை இரண்டு மடங்குக்கும் மேல் தாண்டிவிடும். ஜப்பானியர்கள் கராஜில் ரகசியமாகச் செய்த வேலையை உலகமே சோபாவில் உட்கார்ந்து செய்தது.

அமெரிக்காவில் அப்போது சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸோ மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனோ விற்பனையிலேயே இல்லை. அவை அங்கே போய்ச் சேர்ந்தது 2001இலும் அதற்குப் பிறகும்தான். அதற்குள் இந்தக் கேமை ஆடிய ஒரு தலைமுறை அவற்றின் பெயரையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தது. 2007இல் நிசான் புது ஜிடி-ஆரை வெளியிட்டபோது, டாஷ்போர்டில் உள்ள தகவல் திரையை வடிவமைத்துக் கொடுத்ததே யமாவுச்சியின் பாலிஃபனி டிஜிட்டல் நிறுவனம்தான்.

ரேஸ் என்ற வகையில் பார்த்தால், முதல் 'கிரான் டுரிஸ்மோ' சுமார்தான். டிராக்கில் ஆறே கார்கள். எதிராளிகள் தண்டவாளத்தில் போவதுபோல ஒரே கோட்டில் போவார்கள். நாம் பக்கத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சுவரில் உரசிக்கொண்டே வளைவைக் கடக்கலாம், முன்னால் போகிற காரில் மோதி பிரேக் பிடிக்கலாம், ஒரு கீறல்கூட விழாது. ஆனாலும் 1 கோடியே 8 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. முதல் பிளேஸ்டேஷனில் இதைவிட அதிகம் விற்ற கேம் இல்லை. காரை வாங்கி, தேற்றி, பழகும் சுகத்துக்காகத்தான் ஜனங்கள் வாங்கினார்கள்.

அடுத்தடுத்த பாகங்களில் கார்களின் எண்ணிக்கை ஏறியது. 1999இல் வந்த இரண்டாம் பாகத்தில் சுமார் 650. அவசரத்தில் முடித்த வேலை என்பது ஆடும்போதே தெரியும். முதலில் வந்த அமெரிக்கப் பதிப்பில் என்ன செய்தாலும் 98.2 சதவீதத்துக்கு மேல் முடிக்க முடியாது. 2004இல் நான்காம் பாகத்தில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் மலைப்பாதை முழு நீளத்துக்கும் வந்தது.

பிறகு காசுப் பெட்டி திரும்பி வந்தது. 2022 மார்ச்சில் வெளியான ஏழாம் பாகத்தில் அபூர்வமான சில கார்களின் விலை ஒன்றரைக் கோடி கிரெடிட்டுக்கும் மேல். 20 லட்சம் கிரெடிட்டை 20 டாலருக்கு நிஜப் பணத்துக்கே விற்றார்கள். அதே மாதம் வந்த அப்டேட்டில் ரேஸ் பரிசுகளைக் குறைத்தார்கள். அதோடு சர்வரும் 30 மணி நேரத்துக்கு மேல் முடங்கியது. தனியாளாக ஆடுகிற கேமின் பெரும்பகுதிக்கும் இணையம் வேண்டும் என்பதால், முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யமாவுச்சி மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 10 லட்சம் கிரெடிட் கொடுத்தார், பரிசுகளையும் ஏற்றினார். கார் ஓடும் விதத்தில் ஏழாம் பாகத்தை அடித்துக்கொள்ள அந்த வரிசையில் ஆள் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து கார் ரேஸ் கேம் வாங்கும்போது கடைக்காரரிடம் ரெண்டு கேள்வி கேளுங்கள். நெட் இல்லாமல் முழுசாக ஆட முடியுமா? ஆடிச் சம்பாதித்தே எல்லாக் காரையும் வாங்க முடியுமா? இரண்டுக்கும் "முடியும்" என்று பதில் வராவிட்டால், எங்கேயாவது ஒரு பழைய பிளேஸ்டேஷனைத் தேடிப் பிடித்து பி லைசென்ஸிலிருந்து தொடங்குங்கள்.