கேம் விளையாடினா பசங்க கெட்டுப்போவாங்களா? 1927-ல் இருந்து ஒரு விசாரணை

"இந்த கேமை விளையாடி விளையாடியே பசங்க முரடா மாறிட்டாங்க." இதை வீட்டில் ஒரு தடவையாவது கேட்காதவங்க நம்ம நேயர்களில் இருக்க மாட்டீங்க. இதில் 'கேம்' என்ற சொல்லை எடுத்துட்டு 'சினிமா'ன்னு போட்டுப் பாருங்க. 1927-ல் இதே புகார் இருந்தது. விசாரிக்க அரசாங்கமே ஒரு கமிட்டி போட்டது. அதன் தலைவர் நம்ம சென்னைக்காரர்.

ரங்காச்சாரியார் கமிட்டி

1927 அக்டோபரில் பிரிட்டிஷ் இந்திய அரசு 'இந்திய சினிமாட்டோகிராஃப் கமிட்டி'யை அமைத்தது. தலைவர், சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அப்போ எல்லாமே ஊமைப்படம். இங்கே ஓடியதில் பெரும்பகுதி அமெரிக்காவில் இருந்து வந்தது. துப்பாக்கிச் சண்டை, கொள்ளை, குதிரைத் துரத்தல், முத்தம். இதையெல்லாம் பார்த்து இந்திய இளைஞர்கள் குற்றம் செய்யக் கத்துக்குவாங்க, வெள்ளைக்காரங்க மேல இருக்கிற மரியாதையும் போயிடும்னு ஆட்சியாளர்களுக்குப் பயம்.

கமிட்டி 4,000-க்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை அனுப்பியது. பம்பாய், கல்கத்தா, லாகூர், மெட்ராஸ், ரங்கூன் என்று ஊர் ஊராகப் போய் 353 பேரை நேரில் விசாரித்தது. 1928-ல் அறிக்கை வந்தது. சினிமா மக்களைச் சீரழிக்கிறது என்ற புகாருக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் சாரம்.

ஆனா இதுக்குப் பின்னாடி இன்னொரு கணக்கும் ஓடிச்சு. ஹாலிவுட் படங்களைப் பின்னுக்குத் தள்ளி, பேரரசுக்குள் எடுக்கிற படங்களுக்குச் சந்தை பிடிச்சுக் கொடுக்கணும்னு 1926-லேயே இம்பீரியல் மாநாட்டில் பேசியிருந்தாங்க. கமிட்டியின் பெரும்பான்மை அந்தச் சலுகைக்கும் ஒத்துக்கலை. உதவுறதா இருந்தா இந்தியப் படங்களுக்கு உதவுங்கன்னு சொன்னது. அரசு அந்த அறிக்கையை ஓரமா வெச்சிடுச்சு.

இதை மனசுல வெச்சுக்கோங்க. மேடையில் நிற்கிறது பிள்ளைங்க. வசனம் மட்டும் வேற யாரோட கவலையையோ பேசுது.

ஏற்காடு ரோட்டுச் சண்டைப் படங்கள்

எனக்குச் சொந்த ஊர் குப்பனூர். அயோத்தியாப்பட்டணம் வழியா ஏற்காட்டுக்கு ஏறுகிற மலைப்பாதை எங்க ஊர்ப் பக்கம்தான். சேலத்தில் இருந்து நேரா ஏற்காடு போற மெயின் ரோட்டில், மலை ஏறுறதுக்கு முன்னாடியே மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு இன்னும் நிற்குது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டூடியோ. 1966-ல் 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பாக்கியும் குத்துச்சண்டையுமாகப் படங்கள் இங்கிருந்து வந்தன. ஜெய்சங்கரை 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று கொண்டாடினாங்க.

அந்தப் படங்களுக்கு விசிலடிச்ச தலைமுறைதான் இன்னைக்கு எங்க ஊர் பஸ் ஸ்டாப்பில் ஃப்ரீ ஃபயர் ஆடுற பசங்களைப் பார்த்துத் தலையில் அடிச்சுக்குது. உட்கார்ந்து பேசினா, "எங்கப்பா கொட்டாய்ப் பக்கம் போனாலே தோலை உரிச்சிடுவாரு"ன்னு அவங்களே சிரிக்கிறாங்க.

சட்டமும் அந்த அப்பா பக்கம்தான் நின்றது. 1970-ல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில், படத்தை முன்கூட்டியே தணிக்கை செய்வது செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்ற கலைகளைவிட சினிமா உணர்ச்சியை ஆழமாகக் கிளறும், அதிலும் சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் அதிகமாக பாதிக்கும் என்பது அதற்குச் சொன்ன முக்கியக் காரணம்.

அடி வாங்கிய பொம்மை

சரி, யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா? பார்த்தாங்க. 1961-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பந்துரா 72 சின்னப் பிள்ளைகளை வெச்சு ஒரு சோதனை செய்தார். நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரி, சாய்ச்சா திரும்ப எழுந்து நிற்கிற 'போபோ' பொம்மை. பெரியவர் ஒருத்தர் அதை அடிக்கிறதைப் பார்த்த பிள்ளைங்க, அதே மாதிரி அடிச்சாங்க. 1963-ல் அதையே திரைப்படமாகக் காட்டினப்பவும் பின்பற்றினாங்க.

பிள்ளைங்க பார்த்துக் கத்துக்கிறாங்க என்பது இதில் உறுதியாச்சு. ஆனா அந்த பொம்மையே அடிச்சு விளையாடச் செஞ்சதுதானே? பொம்மையை அடிக்கிற பிள்ளை, பக்கத்து வீட்டுப் பையனையும் அடிக்குமா? அறுபது வருஷமா நடக்கிற சண்டை இதுதான்.

கேம் ஆராய்ச்சியிலும் இதே சிக்கல். ஆய்வகத்தில் யாரையும் அடிக்கவிட முடியாது. அதனால எதிராளி காதில் எவ்வளவு சத்தமா இரைச்சல் விடுறீங்க, அவர் சாப்பாட்டில் எவ்வளவு காரச் சாஸ் ஊத்துறீங்கன்னு அளப்பாங்க. 2010-ல் கிரெய்க் ஆண்டர்சன் குழு 1,30,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் திரட்டி, வன்முறை கேம்கள் ஆக்ரோஷத்தைக் கூட்டுகிறது என்றது. 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி, நெட்டா வைன்ஸ்டைன் இருவரும், 14, 15 வயது பிரிட்டிஷ் பிள்ளைகள் 1,004 பேரை ஆய்வு செய்தாங்க. எந்த கேம் வன்முறையானது என்பதை அதிகாரப்பூர்வ மதிப்பீட்டை வெச்சு முடிவு செய்தாங்க. பிள்ளையின் நடத்தையைப் பெற்றோரிடம் கேட்டாங்க. எப்படிக் கணக்குப் போடுவோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்தாங்க. தொடர்பு எதுவும் தென்படலை.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் நடுவில் நின்று பேசியது: கத்துவது, தள்ளுவது போன்ற நடத்தையோடு சின்னத் தொடர்பு இருக்கு. அதை வெச்சுக் கொலைக்கும் துப்பாக்கிச்சூட்டுக்கும் கேமைக் காரணம் காட்டக் கூடாது.

தடை போட்ட கதை

ஆராய்ச்சி இப்படி இழுபறியில் இருக்க, 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் போலீஸ் பப்ஜியைத் தடை செய்தது. விளையாடிய இளைஞர்களைக் கைதே செய்தது. கையில் இருந்தது போன்தான், கத்தி இல்லை. 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளை முடக்கியது. அதற்குச் சொன்ன காரணம் வன்முறை இல்லை. நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும். பிள்ளையை நினைச்சு நிம்மதிப் பெருமூச்சு விட்டாங்க பல வீடுகளில். உத்தரவு பேசினது வேற விஷயம். 1927 ஞாபகம் வருதா?

கேமால் கெடுதலே இல்லைன்னு நான் சொல்லலை. ராத்திரித் தூக்கம், படிப்பு, பணம் மூணும் நிஜமான கவலைகள். தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மி விவகாரத்தில் உயிர்களே போயிருக்கு. அதுக்கு 2025-ல் மாநில அரசு கொண்டுவந்த விதிகளைப் பாருங்க. பணம் வெச்சு ஆடும் ஆட்டங்களில் 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழைய முடியாது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய சட்டம் அந்த ஆட்டங்களையே தடை செய்தது தனிக் கதை. அந்த விதிகள் கேட்டது எத்தனை வயசு, எத்தனை மணி, எவ்வளவு பணம் என்று. இதுக்கெல்லாம் பதில் கண்டுபிடிக்க முடியும். 'கெட்டுப்போவாங்களா' என்ற கேள்வியில் யாரையும் குற்றவாளி ஆக்கலாம்.

அடுத்த தடவை வீட்டில் இந்தப் பேச்சு வந்தா சண்டை போடாதீங்க. "எதைப் பார்த்துப் பயப்படுறீங்க, என் தூக்கமா, மார்க்கா, காசா?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் பதில் துப்பாக்கியா இருக்காது.