நிலைத்த சாதனப் பெயர்கள் (லினக்ஸ்)

கணினியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதிலுள்ள வன்தட்டு, நெட்வொர்க் கார்டு, சீரியல் போர்ட் ஆகியவை முன்பிருந்த பெயரிலேயே கிடைக்கச் செய்யும் ஏற்பாடு. லினக்ஸில் இதன் வரலாறு ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. சாதனத்துக்கு எதை வைத்துப் பெயரிடுவது: வந்து சேர்ந்த வரிசையையா, செருகிய இடத்தையா, அதன் சொந்த அடையாளத்தையா?

யூனிக்ஸ் மரபுப்படி சாதனங்கள் /டெவ் அடைவில் கோப்புகளாகத் தெரியும். பெயர் மனிதருக்கு; இயங்குதளத்தின் மையமான கர்னல் பார்ப்பது மேஜர், மைனர் என்ற இரண்டு எண்களை. தொடக்கக் காலத்தில் ஐடிஇ வன்தட்டுகளின் பெயர்கள் உறுதியாகவே இருந்தன. முதல் கேபிளின் மாஸ்டர் எச்டிஏ, ஸ்லேவ் எச்டிபி, இரண்டாம் கேபிளின் மாஸ்டர் எச்டிசி. எச்டிபி இல்லாவிட்டாலும் எச்டிசி இடம் மாறாது. ஸ்கஸி வட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கண்டறிந்த வரிசையில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் விழுந்ததால், நடுவில் ஒன்றைக் கழற்றினால் அடுத்தவை எல்லாம் ஓர் எழுத்து முன்னால் நகர்ந்தன. 2006, 2007 வாக்கில் லிப்ஏடிஏ இயக்கி பரவியபோது சாதாரண வட்டுகளும் இந்த வரிசைக்குள் வந்தன.

இதன் ஆபத்தை எளிதில் காணலாம். எஸ்டிபி வட்டின் முதல் பகுதியான எஸ்டிபி1இல் பேக்கப் இருக்கிறது. பூட் ஆகும் நேரத்தில் யாரோ ஒரு யுஎஸ்பி வட்டைச் செருகி வைத்திருந்தால் அந்தப் பெயர் அதற்குப் போய்விடக்கூடும். அதன்பின் ஃபார்மேட் கட்டளை எந்த வட்டை அழிக்கும் என்பதை அந்த நாளின் கண்டறியும் வரிசைதான் தீர்மானிக்கும்.

முதல் பெரிய முயற்சி ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ். 2000இல் கர்னலில் சேர்ந்தது. அதுவரை கணினியில் இல்லாத சாதனங்களுக்கும் /டெவ் அடைவில் கோப்புகள் நிரம்பிக் கிடந்தன. இருப்பவை மட்டும் தெரியும்படி செய்தது இதன் நன்மை. ஆனால் பெயரிடும் விதியைக் கர்னலுக்குள்ளேயே பூட்டி வைத்தது. 2006இல் 2.6.18 பதிப்பில் அதன் நிரல் முழுவதும் நீக்கப்பட்டது.

திருப்பம் 2003இல் வந்தது. பெயர் வைப்பது கர்னலின் வேலையே அல்ல என்று சொல்லி கிரெக் க்ரோ-ஹார்ட்மன் யூடெவைத் தொடங்கினார். கே சீவர்ஸ் அதை வளர்த்தெடுத்தார். கர்னல் சாதனத்தின் விவரங்களைச் சிஸ்எஃப்எஸ் வழியே வெளியே காட்டும்; யூடெவ் அவற்றைப் படித்து, நிர்வாகி எழுதிய விதிப்படி பெயரோ இணைப்போ உருவாக்கும். ஒரே வட்டை இன்று சீரியல் எண்ணாலும், செருகிய இடத்தாலும், லேபிளாலும், யூயூஐடியாலும் அழைக்க முடிவது இதனால்தான். பெயரிடுவதைக் கர்னலுக்கு வெளியே கொண்டுவந்ததே இந்த வரலாற்றில் மிகச் சரியான முடிவு. யூயூஐடி என்பது கோப்பு முறைமை உருவாகும்போது அதற்குள் எழுதப்படும் 128 பிட் எண். எந்த வட்டை எங்கே இணைப்பது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிபி1 என்பதற்குப் பதில் அதை எழுதினால் வட்டை எந்த போர்ட்டில் செருகினாலும் சரியாக வந்து சேரும். வட்டை அப்படியே நகலெடுத்தால் மட்டும் எண்ணும் நகலாகிவிடும். அப்போது இரண்டில் ஒன்றுக்குப் புது எண் கொடுக்க வேண்டும்.

நெட்வொர்க் கார்டுகளின் கதை இன்னும் சிக்கலானது. ஈத்0, ஈத்1 என்பவையும் வரிசைப் பெயர்களே. இணையம் ஒருபுறமும் அலுவலகம் மறுபுறமுமாக நிற்கும் ஃபயர்வாலில் அவை இடம் மாறினால், வெளியாருக்கு எழுதிய தடை உள்ளிருப்போர் மீது விழும். வெளியாருக்குக் கதவு திறந்துவிடும். யூடெவ் முதலில் ஒவ்வொரு கார்டுக்கும் உரிய மேக் முகவரியைக் கோப்பில் குறித்துவைத்துப் பெயரைக் காத்தது. மெய்நிகர் இயந்திரங்கள் பெருகியபோது அந்த வழி இடறியது. ஓர் இயந்திரத்தை நகலெடுத்தால் நகலுக்குப் புதிய மேக் முகவரி கிடைக்கும்; ஈத்0 பழையதற்கு ஒதுக்கப்பட்டிருக்கும்; புதிய கார்டு ஈத்1 ஆகும்; ஈத்0 என்று எழுதிய அமைப்புக் கோப்பு செயலற்றுக் கிடக்கும்.

அதனால் கார்டு இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் வழி வந்தது. டெல் நிறுவனத்தின் பயோஸ்டெவ்நேம் முயற்சி 2011இல் ஃபெடோரா 15இல் இடம்பெற்றது. 2012இல் யூடெவ், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியுடன் இணைந்தது. 2013 ஜனவரியில் வெளியான சிஸ்டம்டி 197 இடத்தையே பெயராக்கியது. இஎன்பி3எஸ்0 என்பதில் இஎன் ஈதர்நெட், பி3 மூன்றாம் எண் பிசிஐ பஸ், எஸ்0 அதில் பூஜ்ய எண் ஸ்லாட். மதர்போர்டிலேயே உள்ள கார்டு இஎன்ஓ1 ஆகும். தட்டச்சு செய்யக் கடினம் என்ற முறையீடு நியாயமானதே. புதிதாக ஒரு கார்டு செருகினால் பஸ் எண்கள் நகர்ந்து இஎன்பி3எஸ்0, இஎன்பி4எஸ்0 ஆவதும் உண்டு. சிஸ்டம்டி 240 முதல் பெயரிடும் முறைக்கே பதிப்பு எண் வந்தது. மேம்படுத்தும்போது பழைய முறையையே வைத்துக்கொள்ளலாம். மேக் முகவரியைக் காட்டித் தன் விருப்பப் பெயரை வைக்க, லிங்க் கோப்பு ஒன்றை நிர்வாகி எழுதிக்கொள்ளலாம்.

சில சாதனங்களுக்கு மட்டும் இடத்தை விட்டால் வழியில்லை. மலிவான யுஎஸ்பி சீரியல் மாற்றிகள் பலவற்றில் சீரியல் எண்ணே பதிக்கப்படுவதில்லை. ஒரே மாதிரியான இரண்டைச் செருகினால் அடையாளத்தால் பிரிக்க முடியாது. எந்த யுஎஸ்பி போர்ட் என்பதைக் கொண்டே யூடெவ் அவற்றைப் பிரிக்கும். வயர்களைக் கழற்றி மாற்றிச் செருகினால் பெயர்களும் மாறிவிடும். ஆகவே அத்தகைய கணினிகளில் எந்த வயர் எந்த போர்ட்டுக்கு என்று அதன் அருகிலேயே சீட்டு ஒட்டி வைக்கிறார்கள்.