லெப்பையின் காதும் கணக்கு வாத்தியாரின் கண்ணும்

கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் கல்வி வளர்ந்த கதையைச் சொல்பவர்கள் இரண்டு ஆண்டுகளைத் தவறாமல் சொல்வார்கள். 1942இல் உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ.அஸீஸ் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். 1949இல் கேட் முதலியார் எம்.எஸ்.காரியப்பரின் முயற்சியில் ஸாஹிறாக் கல்லூரி எழுந்தது. இவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. ஆனால் பிள்ளையைக் கவனிப்பதென்ற தொழில் அதற்கு முன்பே எங்கள் ஊர்களில் இருந்தது, குர்ஆன் ஓதப் பழக்கும் ஓதப்பள்ளியில்.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் உரத்து ஓதுவார்கள். ஓதிக்கொடுக்கும் லெப்பை கண்ணை மூடியபடி இருப்பார். மூலையில் ஒருத்தன் நீட்ட வேண்டிய இடத்தைக் குறுக்கினால் அவன் பேரைச் சொல்லி நிறுத்துவார். பிறகு ஒவ்வொருவராக முன்னால் போய்ப் பாடம் கொடுக்க வேண்டும். தடுக்கியவனுக்கு நேற்றைய பாடமே மறுபடி. பக்கத்தில் இருப்பவனுக்குப் புதியது. பிரம்பும் இருந்தது, அதை நான் போற்ற மாட்டேன். அந்தக் காதைத்தான் போற்றுகிறேன்.

கணக்கு வகுப்புக்கு அந்தக் காது வந்து சேரவில்லை. ஏனென்று பார்த்தால், சென்னையில் 1789இல் ஆண் அநாதை இல்லத்தைப் பொறுப்பேற்ற ஆன்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் பாடசாலைக்கு எடுத்துக்கொண்டார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவர்களுக்குப் படிப்பித்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றிய அவர் நூல் வெளிவந்த பின், ஒரே ஆசிரியர் பெருங்கூட்டத்தைச் சமாளிக்கும் முறையாக அது உலகெங்கும் பரவியது. கூட்டம் பெருகினால், விடை சரியா பிழையா என்று பார்க்கத்தான் நேரம் இருக்கும்.

நான் படிப்பித்த காலத்தில் மருதமுனை நெசவு வீட்டுப் பையன் ஒருவன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று கொப்பியில் எழுதியிருந்தான்.

“எப்புடி மகன் வந்த?”

“ரெண்டுல ஏழு போகாதுதானே சேர். அதான் ஏழுல ரெண்டக் கழிச்சன்.”

கையில் 52 ரூபாய், கடையில் 27 ரூபாய்க்குச் சாமான் என்றேன். “இருவத்தஞ்சு” என்றான், விரல்கூட மடக்காமல். கழித்தல் அவனுக்குத் தெரியும். நாங்கள் கொடுத்த நிரல் முறைதான் அவனுக்குள் போகவில்லை. சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

இப்படித் தெரிந்துகொள்ளவென்றே ஜப்பானிய வகுப்புகளில், பிள்ளைகள் கணக்குச் செய்யும்போது ஆசிரியர் மேசைகளுக்கு இடையே நடந்து, யார் எந்த வழியில் போகிறார் என்று குறித்துக்கொள்வார். யாரை எந்த வரிசையில் கரும்பலகைக்குக் கூப்பிடுவதென்று அந்தக் குறிப்பிலிருந்தே தீர்மானிப்பார். சக ஆசிரியர்கள் வகுப்புக்குள் வந்து பிள்ளைகளைப் பார்த்திருந்து, பாடம் முடிந்ததும் கூடிப் பேசுவார்கள். அங்கே பிள்ளையைக் கவனிப்பது தனிப்பட்டவரின் திறமையாக விடப்படவில்லை. தொழிலின் பகுதியாகவே பழக்கப்படுகிறது.

எங்கள் பக்கம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் நெருங்கினால் பழைய வினாத்தாளும் விடையும்தான். பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்கள் பாடம் நடத்தத் தொடங்குமுன், ஒரு கிழமையாவது ஒரே பிள்ளையின் கொப்பிக்குப் பக்கத்தில் இருந்து, “எப்புடி வந்த?” என்று மட்டும் கேட்டு, அது சொல்வதை எழுதிக்கொண்டு வரட்டும். பிழையென்று சொல்வதைப் பிறகு பார்க்கலாம்.