மெம்ஃபிஸில் ஒரு சனிக்கிழமை காலை

மெம்ஃபிஸ் என்றதும் பலருக்கு எல்விஸ் பிரெஸ்லி நினைவுக்கு வருவார். சிலருக்கு, 1968-இல் அந்த ஊரில் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த நகரத்தில் எழுபது, எண்பதுகளில் சிறுவர்களாக இருந்தவர்களைக் கேட்டால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: சனிக்கிழமை காலை, ஐந்தாம் சேனல், ஒன்றரை மணி நேர மல்யுத்தம்.

நிகழ்ச்சி நேரலை. ஒரு சிறிய ஸ்டுடியோ, நடுவில் கயிறு கட்டிய மேடை, பார்வையாளருக்குச் சில வரிசை பெஞ்சுகள், ஓரமாக ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் வர்ணனையாளர்கள் லான்ஸ் ரஸலும் டேவ் பிரவுனும். இந்த பிரவுன்தான் அதே சேனலில் வானிலை அறிக்கை வாசித்தவர். நாளைக்கு மழை வரும் என்று அவர் சொன்னால் குடையை எடுத்து வைத்த ஊர், சனிக்கிழமை அவர் சொல்வதையும் அதே காதோடு கேட்டது. ரஸலின் திறமை வேறு வகை. எதிரே ஒரு முரடன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றாலும், பக்கத்து வீட்டுப் பெரியவர் தெருச் சண்டையை விலக்க வந்தது போலப் பேசுவார். அந்தக் குரலில் கேலியும் இல்லை, அளவு மீறிய கத்தலும் இல்லை. முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்ட சண்டைகளை ஒரு நகரம் மனப்பூர்வமாகப் பார்த்ததற்கு மல்லர்களின் தோள்வலிமையை விட அந்தக் குரலே பெரிய காரணம்.

காலையில் இலவசமாகக் காட்டியது திங்கட்கிழமைக்கான அழைப்பு. 1964-இல் திறந்த மிட்-சவுத் கொலிசியம் அரங்கில் திங்கள்தோறும் இரவு சண்டை நடக்கும். வருமானம் அங்கே விற்கும் டிக்கெட்டில் இருந்தது. அதனால் சனிக்கிழமை எந்தப் பகையும் தீராது, முற்றத்தான் செய்யும். செவ்வாய் லூயிவில், புதன் எவன்ஸ்வில் என்று அதே கூட்டம் காரேறி ஊர் ஊராகப் போகும். ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்ப் பெயரையும் தேதியையும் சொல்லித் தனித்தனியாகச் சவால் பேச்சுகளைப் பதிவு செய்வார்கள். திருவிழாவுக்குத் திருவிழா மேடை போட்ட நாடகக் குழுவின் வாழ்க்கைதான். கூடுதலாக ஒரு கேமரா.

அந்தக் கேமரா வழியாகவே உள்ளே நுழைந்தவர் ஜெர்ரி லாலர். உள்ளூர்ப் பையன், நன்றாகப் படம் வரைவார். மல்லர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து ரஸலுக்கு அனுப்ப, அவர் அவற்றை டிவியில் காட்டினார். அந்த அறிமுகம் லாலரை மேடைக்கே கொண்டுபோனது. 1974-இல் அதுவரை ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்த ஜாக்கி ஃபார்கோவை வீழ்த்தி ‘ராஜா’ ஆனார். 1977-இல் மல்யுத்த அமைப்பாளர் ஜெர்ரி ஜாரெட் தனி நிறுவனம் தொடங்கியபோது அதன் முகமே லாலர்தான்.

மற்ற ஊர்களின் மல்யுத்தம் மேடைக்குள் நடந்தது. மெம்ஃபிஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியது. 1979 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்து டுபெலோவில் போட்டி முடிந்த பிறகும் சண்டை நிற்கவில்லை. லாலரும் அவருடைய ஜோடி பில் டண்டியும் எதிராளிகளோடு தின்பண்டக் கடைக்குள் புரள, கடுகுச் சாஸ் ஜாடிகள் பறந்தன. ரஸல் பின்னாலேயே போய் வர்ணித்தார். பின்னாளில் எத்தனையோ நிறுவனங்கள் இந்தக் காட்சியை நகல் எடுத்தன. எதிலும் அந்தக் கடையின் நெருக்கடியும் வழுக்கலும் வரவில்லை.

அதை விடப் பெரியது 1981 ஏப்ரலில் நடந்தது. டெக்சாஸ்காரர் டெர்ரி ஃபங்குக்கு ஒரு குறை: மெம்ஃபிஸில் கூட்டமும் நடுவரும் லாலர் பக்கம். அப்படியானால் யாரும் இல்லாத அரங்குக்கு வா என்று அழைத்தார். பத்தாயிரம் பேர் உட்காரும் கொலிசியத்தில் அன்று ஆளே இல்லை. இரண்டு மல்லர்கள், ரஸல், கேமரா, அவ்வளவுதான். கைதட்டலும் கூச்சலும் இல்லாத வெறுமையில் ஒவ்வொரு அடியும், ஒவ்வொரு வசவும் எதிரொலித்தது. கடைசியில் ஒரு மரச்சில்லால் லாலரின் கண்ணைக் குத்தப் போன ஃபங்க், தன் கண்ணையே பிடித்துக்கொண்டு அலறினார். மல்யுத்தத்துக்குக் கூட்டமே உயிர் என்பார்கள். அந்த விதியை உடைத்து, டிவியில் பார்ப்பவனுக்கு மட்டுமே என்று எடுத்த இந்தச் சில நிமிடங்கள்தான் மெம்ஃபிஸ் செய்ததிலேயே ஆகச் சிறந்தவை.

ஆனால் ஊரின் புகழ் வேறொன்றால் பரவியது. ‘டாக்ஸி’ தொடரின் நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன், பெண்களோடு மல்லுக்கட்டித் தன்னை வெற்றிவீரன் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். மெம்ஃபிஸ் மக்களுக்குச் சோப்பு என்றால் என்ன, எப்படிக் குளிப்பது என்று பாடம் நடத்தும் வீடியோக்களை அவர் எடுத்து அனுப்ப, சனிக்கிழமை காலை அவை ஒளிபரப்பாயின. ஊர் கொதித்தது. 1982 ஏப்ரல் 5 அன்று லாலர் அவரைத் தலைகீழாகத் தூக்கி மேடையில் இறக்கினார். அந்த ‘பைல்டிரைவர்’ அங்கே தடை செய்யப்பட்ட பிடி. ஆகவே வெற்றி காஃப்மனுக்கு, கழுத்துப்பட்டையும் அவருக்கே. ஜூலையில் டேவிட் லெட்டர்மன் நடத்திய டிவி உரையாடல் நிகழ்ச்சியில் லாலர் அவரை அறைய, நாடே பேசியது. இருவரும் உள்ளுக்குள் நண்பர்கள் என்பதை, 1984-இல் காஃப்மன் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் லாலர் வெளியே சொன்னார்.

இதே நேரத்தில் வீடுகளுக்குள் இன்னொரு சாதனம் வந்துகொண்டிருந்தது. 1977-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த விஎச்எஸ் டெக் ஆயிரம் டாலர். அடுத்த சில ஆண்டுகளில் விலை இறங்கியது. டிவி நிகழ்ச்சியைப் பிறகு பார்க்க வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இரண்டு மணி நேரக் கேசட்டை மெதுவான வேகத்தில் ஓடவிட்டால் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி என்றால் நான்கு சனிக்கிழமை, அதாவது ஒரு கேசட்டில் ஒரு மாதம். படம் கொஞ்சம் மங்கும். ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஊருக்கு ஊர் தபாலில் கேசட் மாற்றிக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. மெம்ஃபிஸைக் கொடுத்து டெக்சாஸை வாங்குவார்கள். ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியதால் டோக்கியோ கேசட் அமெரிக்க டெக்கில் அப்படியே ஓடியது. 1981-இல் அறிமுகமான ஜப்பானிய மல்லர் ‘டைகர் மாஸ்க்’ பறந்து பாய்ந்ததை அமெரிக்க ரசிகர்கள் பார்த்தது இப்படிக் கைமாறி வந்த நகலின் நகலில்தான். அதுவரை சொந்த ஊர் மல்லனே உலகத்தில் சிறந்தவன் என்று நம்பியவன், இப்போது நாலு ஊரை ஒப்பிட்டுப் பார்த்துத் தன் கருத்தைச் சொல்லத் தொடங்கினான். மல்யுத்தத்துக்கு விமரிசகன் பிறந்தது அந்தக் கேசட்டுகளில்தான்.

மெம்ஃபிஸ் வழியாகப் போனவர்களின் பட்டியல் தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கும். 1979-இல் டெர்ரி போல்டர் என்ற பெயரில் அங்கே இறங்கியவர் பின்னாளைய ஹல்க் ஹோகன். 1989-இல் ‘மாஸ்டர் ஆஃப் பெய்ன்’ என்ற பெயரோடும், சிறையிலிருந்து வெளிவந்தவன் என்ற கதையோடும் வந்து லாலரிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர் அண்டர்டேக்கர். 1996-இல் ஃப்ளெக்ஸ் கவானா என்று வந்த இளைஞர் ராக். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பையன்கள் ட்ரம்ப் கார்டு விளையாட்டில் உயரம், எடை, ரேங்க் என்று கூவி மோதவிட்ட முகங்கள் இவை. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று வகுப்பறைகளில் சத்தியம் செய்தவர்கள், ஓர் ஆற்றங்கரை ஊரின் சின்ன ஸ்டுடியோவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஸ்டுடியோவை மங்கவைத்தது, 1984 முதல் கேபிள் வழியாக நாடு முழுதும் பரவிய டபிள்யூடபிள்யூஎஃப் என்ற மல்யுத்த நிறுவனம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லாலரே அங்கே வர்ணனையாளராக உட்கார்ந்தார். 1997-இல் மெம்ஃபிஸ் நிறுவனம் மூடியது. 2006-இல் கொலிசியமும் கதவடைத்தது. லான்ஸ் ரஸல் 2017-இல் மறைந்தார்.

அந்தக் காலத்து உள்ளூர் டிவி நிலையங்களுக்கு வீடியோ டேப் விலையுயர்ந்த பொருள்; ஒளிபரப்பானதும் அதன்மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். அதனால் மெம்ஃபிஸின் சனிக்கிழமைகளில் இன்று பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் வீடுகளில் பதிவானவை. அவற்றில் நடுநடுவே கார் கடை விளம்பரம் வரும். படம் ஒரு நொடி கோணி நேராகும். யாரோ பதிவை நிறுத்த மறந்ததால், நிகழ்ச்சி முடிந்த பிறகும் ஐந்தாம் சேனல் ஓடிக்கொண்டிருக்கும்.