பெயர் முதலில் வந்தது

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலக் கவிதை ஒன்றில் ‘எயாரெண்டெல்’ என்றொரு சொல் கிடந்தது. விடிவெள்ளி என்று பொருள் கொள்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்த, பின்னாளில் ‘ஹாபிட்’ கதையை எழுதிய ஜே.ஆர்.ஆர். டோல்கீனை இழுத்தது அந்தப் பொருளைவிட ஓசைதான். பழைய ஆங்கிலத்துக்கு உரிய சொல்தான். ஆனால் அதற்கு மட்டும் எங்கிருந்தோ தனி இனிமை.

1914 செப்டம்பரில் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள கெட்லிங்கில், சித்தியின் பண்ணையில் தங்கியிருந்தபோது, அந்தப் பெயரை ஒரு மாலுமிக்கு வைத்துக் கவிதை எழுதினார். மாலுமி உலகின் விளிம்பைத் தாண்டி வானத்துக்குள் கப்பலை விடுகிறான். இதெல்லாம் எதைப் பற்றி என்று ஒரு நண்பர் கேட்டதற்கு, எனக்கே தெரியாது, கண்டுபிடிக்கப் பார்க்கிறேன் என்றாராம். ஆள் யாரென்று தெரியாமலே பெயர் தயார்!

அடுத்து வந்தது சிக்கல். அவர் உருவாக்கிக்கொண்டிருந்த குவென்யா மொழியில் ஒவ்வொரு பெயருக்கும் வேர் வேண்டும். இரவல் சொல்லை அப்படியே உள்ளே விட முடியாது. பெயரை மாற்ற மனம் வரவில்லை. மொழியைத்தான் வளைத்தார். கடலுக்கு ஒரு வேரும், நேசிப்பவரைக் குறிக்க ‘ந்டில்’ என்று ஒரு விகுதியும் அமைத்தார். ‘எயாரெண்டில்’ என்றால் கடல்நேசன் என்று ஆயிற்று. அதே விகுதி ‘எலெண்டில்’ என்ற மன்னன் பெயரிலும் உண்டு: விண்மீன் நேசன்.

எல்லாப் பெயருக்கும் இவ்வளவு பாடு இல்லை. கேண்டால்ஃப் என்ற மந்திரவாதியின் பெயர் நார்ஸ் மொழிப் பழங்கவிதையில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து எடுத்தது. ‘ஹாபிட்’ கதையின் முதல் வரைவில் அது குள்ளர் தலைவனின் பெயர். மந்திரவாதிக்கு அப்போது பிளடோர்தின் என்று பெயர். பிறகு கைமாறியது. பெயருக்குள்ளேயே மந்திரக்கோலைக் குறிக்கும் சொல் இருக்கிறது, குள்ளனிடம் அது வீணாகத்தான் போயிருக்கும்.

எனக்குப் பிடித்தது, அவர் கதையில் வரும் கலாட்ரியெல் என்ற பெண்ணின் பெயர். ஒளிவீசும் மாலையை முடியாகச் சூடியவள் என்று பொருள். ஆனால் அவர் உருவாக்கிய இன்னொரு மொழியான சிந்தாரினில் ஒளிக்கான சொல்லுக்கும் மரத்துக்கான சொல்லுக்கும் கடைசி மெய் ஒன்றுதான் வேறு. அவள் ஆள்வதோ காட்டை. அதனால் கதைக்குள் இருப்பவர்களே அவள் பெயரை மரத்தோடு சேர்த்துத் திரித்துச் சொல்கிறார்கள் என்று டோல்கீன் குறித்து வைத்தார். இல்லாத மொழிக்குச் சொல் செய்யலாம். அதற்கு மரூஉவும் செய்துவைக்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

மாலுமிக்கு வருவோம். டோல்கீன் எழுதியெழுதிக் கண்டுபிடித்த கதையில், எயாரெண்டில் நெற்றியில் ஒளிமணி தாங்கி வானில் கப்பலோட்டும் விண்மீன் ஆகிறான். 2022இல் ஹப்பிள் தொலைநோக்கி, 1290 கோடி ஆண்டு பயணித்து வந்த ஒளியில் ஒரு விண்மீனைக் கண்டது. வானியலாளர்கள் அதற்கு வைத்த பெயர் எயாரெண்டெல். டோல்கீன் மாற்றிய ‘டில்’ அல்ல, பழைய கவிதையில் கிடந்த அதே ‘டெல்’.